வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம்

என் வீட்டு மிக்சிக்கு உறையாகக் கிடப்பது ஒரு பொன்னாடை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரி விழாவில் எனக்குப் போர்த்தியது. 'ஆவணப்படங்களைக் காட்டி இரண்டு தெருக்களை ஒன்றாக உட்கார வைத்தவர்' என்று ஒரு பேராசிரியர் மேடையில் என்னைப் பற்றிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். சிரிப்பு வெளியே தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் குனிந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தென்காசியில் கோயில் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கோபுர வாசல் காற்று கடை வரைக்கும் வந்து மருந்துச் சீட்டைப் பறக்கடிக்கும். வீடு, குற்றாலம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில். கடை வைப்பதற்கு முன்னால் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகச் சில வருடங்கள் சென்னையில் அலைந்தேன். அங்கே ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் ஆவணப்படம் போடுவார்கள். மழைக்கு ஒதுங்கப் போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். உப்பளத்தில் வேலை செய்கிறவரும் மீன் விற்கிறவரும் திரையில் வந்து தங்கள் பாடுகளைச் சொல்வார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முன்பின் தெரியாதவர்கள்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பிப்பார்கள். படத்தைவிட எனக்கு அந்தப் பேச்சுதான் பிடித்தது. ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பேச்சை இங்கேயும் உண்டாக்கிவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. நான் மேலத்தெரு. நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் பத்து எட்டில் கடந்துவிடக்கூடிய ஒரு பாலம். கோயில் சப்பரம் அந்தப் பாலம் வரைக்கும் வந்து திரும்பிவிடும். ஏன் திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. கீழத்தெருக்காரர்கள் எங்கள் வயலில் நடுவார்கள், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவார்கள். சண்டை கிடையாது. சண்டை இல்லாததையே ஒற்றுமை என்று சொல்லிக்கொள்கிற ஊர் எங்களுடையது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னோடு சேர்ந்து இந்த வேலையில் இறங்கியவன் கீழத்தெரு எலக்ட்ரீசியன். இரண்டு தெருவிலும் எந்த வீட்டு மெயின் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். என் வீட்டுக்கு ஒயர் இழுத்ததும் அவன்தான். ஒருநாள் கடைக்கு இன்வெர்ட்டர் மாட்ட வந்தவன், லேப்டாப்பில் நான் போட்டிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். கடற்கரையில் வலை பின்னுகிற பெண்களைப் பற்றிய படம். முடிகிற வரைக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"இதெல்லாம் நம்ம ஊருல போட்டா என்ன அண்ணாச்சி?" என்றான்.

முதலில் கேட்டது அவன்தான். கல்லூரி மேடையில் நான் அதைச் சொல்லவில்லை.

பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கிவிட்டு, மேலத்தெருச் சங்கத் தலைவரிடம் அனுமதி கேட்கப் போனேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், என் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார்.

"படம் போடும்வே, நல்ல காரியந்தான். ஆனா யாரு எங்கன உக்காருதான்னு மட்டும் பாத்துக்கிடும். நாளைக்கு நாலு பேரு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது" என்றார்.

மேலத்தெருவில் போட்டால் கீழத்தெரு வராது. வந்தாலும் ஓரத்தில் நிற்கும். கீழத்தெருவில் போட்டால் மேலத்தெரு எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு யோசனை கண்டுபிடித்தேன். பாலத்தின் நடுவில், இரண்டு பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலும் சவுக்குக் கம்பைக் கட்டி, குறுக்கே ஒரு வெள்ளைத் துணி. மெல்லிய துணியாக இருந்தால் படம் இரண்டு பக்கமும் தெரியும். மேலத்தெரு இந்தப் பக்கம், கீழத்தெரு அந்தப் பக்கம். யாரும் யார் இடத்துக்கும் போக வேண்டாம், ஆனால் எல்லோரும் பார்ப்பது ஒரே படம். பாம்பும் சாகும், கம்பும் ஒடியாது. தையல்காரர் எட்டு முழ வேட்டிகள் நாலை விரித்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்தார். தலைவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது புத்தி" என்று பாராட்டினார். இந்தப் புத்திக்காக என் முதுகை நானே எத்தனை முறை தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கரண்ட் எடுக்க வசதியாக இருந்தது ரேஷன் கடை. அது மேலத்தெருவில். அதனால் புரொஜெக்டரும் எங்கள் பக்கம்தான். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பொழுது அடைந்ததும் படம். நான் லேப்டாப்பை விட்டு நகர மாட்டேன். அவன் ஒரு ஸ்பீக்கரை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வைத்துவிட்டு, தன் தெருக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொள்வான்.

கூட்டம் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் ஆசைப்பட்ட பேச்சு மட்டும் வரவில்லை. படம் முடிந்ததும் மைக்கை எடுத்து, "யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, படத்தை விட்டுவிட்டு விலைவாசியைப் பற்றிப் பேசுவார். துணிக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்கும், பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்கும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வீட்டுக்குப் போவார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை, வயலில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரே சிரிப்பு. அடக்க முடியாமல் சிரித்தார்கள். எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குப் படத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. 'தங்கள் வாழ்க்கையைத் திரையில் கண்டு கீழத்தெரு மனம் விட்டுச் சிரித்தது' என்று அன்றைக்கே வாட்ஸப்பில் எழுதிப் போட்டேன். கூடவே ஒரு போட்டோ: வெள்ளைத் திரை, அதன் முன்னால் வரிசையாகத் தலைகள். அந்தச் செய்தி எங்கெங்கோ சுற்றி, கல்லூரிக்குப் போய், பொன்னாடையாகத் திரும்பி வந்தது. போட்டோவில் இருந்த தலைகள் எல்லாம் மேலத்தெருத் தலைகள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பிறகு சாரல் வந்தது. சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உடுத்தி வந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகும். விட்டுவிட்டுப் போனால் பாவம் போகும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கூடவே ஷாம்பு கவர், பாட்டில், எல்லாம். அதை அள்ளுவதற்கு ஒப்பந்தத்தில் பெண்களை எடுப்பார்கள். எலக்ட்ரீசியனின் தங்கை பல சீசனாக ஐந்தருவியில் அந்த வேலைக்குப் போகிறவள். ஒரு சீசனில் உள்ளங்கை கிழிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இடது கை. நான்தான் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, தையல் போட வேண்டும் என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வலி தாங்காமல் கண்ணீர் ஓடியது, வாயைத் திறக்கவில்லை.

சினிமா படிக்கிற ஒரு பெண் சென்னையிலிருந்து வந்து, இந்தப் பெண்களோடு ஒரு சீசன் முழுக்கச் சுற்றி, அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்திருந்தாள். படத்தில் அதிகம் வருகிறவள் இவன் தங்கைதான். படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு இவனுக்கு அனுப்பியிருந்தாள். அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

"தங்கச்சி இன்னும் பாக்கல அண்ணாச்சி. போன்ல காட்டுதேன்னேன், வேண்டாங்கா. ஊரோட உக்காந்து பெருசாப் பாக்கணுமாம்."

"போட்டுருவோம்லே. இந்த மாசமே போட்டுருவோம்."

அவன் போகாமல் நின்றான். பிறகு, "இந்த ஒரு தடவ மெசின எங்க பக்கம் வச்சிக்கிடலாமா அண்ணாச்சி? கரண்டு நான் எங்க தெருவுல இருந்து எடுத்துக்கிடுதேன்" என்றான்.

"எங்கன வச்சா என்னலே? ரெண்டு பக்கமும் ஒரே படந்தானே?"

அவன் என்னையே பார்த்தான். என்னவோ சொல்ல வந்து, "கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தங்கை நடித்த படம், மெசின் தன் பக்கம் இருந்தால் ஒரு கெத்து என்று நினைக்கிறான்போல என்று நான் எடுத்துக்கொண்டேன். நடித்த படம் என்றுதான் அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், பாருங்கள். ஒரு வருடமாக நான் நடத்துகிற காரியம். ஒரே ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அப்பம் நாங்க திரைக்குப் பின்னால உக்காரணுங்கீரு?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"ஒண்ணுதான்னா அவுங்களே அங்கன உக்காந்துட்டுப் போட்டும்வே."

பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. படம் காட்டுகிற எனக்குத்தான் தெரியவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ போட்டும், அடுத்த மாசம் மாத்திருவோம்" என்றேன். கடையில் இல்லாத மருந்தை நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு இந்தப் பேச்சு பழக்கம். "சரி அண்ணாச்சி" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நல்ல கூட்டம். படத்தைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் காதில் விழவில்லை. படத்தை நிறுத்த மனமில்லாமல், நானே குனிந்து திரைத் துணியின் அடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஒயர் கழன்றிருந்தது. மாட்டிவிட்டு நிமிர்ந்து திரைப் பக்கம் திரும்பினேன்.

முதலில் புரொஜெக்டர் விளக்குதான் கண்ணில் குத்தியது. மெல்லிய வேட்டி வழியாக, எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட் மாதிரி நேராக முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். திரையில் கீழே ஓடிய எழுத்தெல்லாம் இடவலம் மாறி, எந்த மொழி என்றே தெரியாமல் ஓடியது. அருவிக்கரைப் பாறைமேல் அவள் நின்றாள். முந்தானை வலது தோளில் கிடந்தது. அடுத்த காட்சியில் தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள், இடது கையால்.

கீழத்தெரு சிரித்தது. அதே சிரிப்பு. நான் புல்லரித்துப்போய் வாட்ஸப்பில் எழுதிய அதே சிரிப்பு. ஒரு வருடமாக நான் காட்டிய படத்தில் எல்லாம் மனிதர்கள் இவர்களுக்கு இடது கையால் சாப்பிட்டிருக்கிறார்கள், இடது கையால் திருநீறு பூசியிருக்கிறார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்? எனக்குக் காது சுட்டது.

அவள் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தீபாவளிச் சேலையை உடுத்தியிருந்தாள், தலை நிறையப் பிச்சிப்பூ. பக்கத்தில் அண்ணன். திரையில் இருந்தவள் பேசினாள்: "துணிய உருவும்போது அடியில பாட்டிலு உடைஞ்சு கெடக்கும், தண்ணிக்குள்ள தெரியாது. இந்தா, இந்தக் கைதான்." உள்ளங்கையைக் காமிராவுக்கு நேரே விரித்துக் காட்டினாள். வேட்டியில் தெரிந்தது வலது கை. கீழே உட்கார்ந்திருந்தவள் தன் இடது கையை மெல்ல விரித்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"ஏண்ணே, எனக்கு இந்தக் கையிலல்லா?" என்றாள்.

அந்தக் கையைக் கழுவிக் கட்டிவிட்டவன் நான், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குள் திரையில் நிழல் விழ ஆரம்பித்தது. மேலத்தெரு எழுந்து போகிறது. புரொஜெக்டருக்குக் குறுக்கே போகிறவர்களின் தலைகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தின் மேலேயே விழுந்து போயின. துணிக்கு அப்பாலிருந்து தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது: "குப்ப அள்ளுததயெல்லாம் நாம எதுக்குவே உக்காந்து பாக்கணும்?" கீழத்தெருவில் எல்லோருக்கும் அது கேட்டது. அவளுக்கும் கேட்டது.

அவளைச் சரியாகப் பார்க்க முடிந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவள் மாறித் தெரிந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, யார்மேல் என்று தெரியாமல். படம் முடிந்ததும் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏம்லே இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?" என்று சத்தம் போட்டேன். செய்ததையும் செய்துவிட்டு அவன்மேலேயே பாய்ந்தேன்.

"சொன்னா என்ன அண்ணாச்சி செய்வீங்க? படத்த நிறுத்திருவீங்க. மாறித் தெரிஞ்சாலும் பாப்பமேன்னுதான்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் என்னிடம் வந்து, "படம் நல்லாருந்துச்சு அண்ணாச்சி" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனாள். முந்தானையை இழுத்து இடது கையை மூடியிருந்தாள்.

அடுத்த மாதம் நான் படம் போடவில்லை. அதற்கடுத்த மாதமும் போடவில்லை. கேட்டவர்களிடம் புரொஜெக்டர் பல்பு போய்விட்டது என்றேன். சீசன் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, எலக்ட்ரீசியனிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கு எங்க தெருவுல படம் போடுதோம் அண்ணாச்சி. சாயங்காலம் வாங்க."

போனேன். பாலத்தைத் தாண்டி, அந்தத் தெருவுக்குள் ஒரு காரியத்துக்காக நான் நடந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் சமுதாயக்கூடத்துச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். கடையநல்லூரில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி வந்திருந்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும், "அண்ணாச்சிக்குச் சேர் போடுங்க" என்று சத்தம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தெருவில் அன்றைக்கு நாற்காலியில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

இதுவரைக்கும் அவன், அவன் என்றே எழுதி வந்திருக்கிறேன். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூடுதல். அவர் என்னை அண்ணாச்சி என்கிறார், நான் அவரை லே போட்டுப் பேசுகிறேன். ஊர் வழக்கம் அப்படி என்று சொல்லிவிடலாம். ஊர் என்றால் நானும்தானே.

சுவரில் அதே படம் ஓடியது. எழுத்தெல்லாம் நேராக இருந்தன. முந்தானை இடது தோளில் இருந்தது. சாப்பிடுகிற காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. திரையில் உள்ளங்கையை விரித்துக் காட்டியபோது, கீழே உட்கார்ந்திருந்த அவர் தங்கையும் கையை உயரத் தூக்கிக் காட்டினார். "இந்தா, இந்தக் கைதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். படம் முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. யாரும் மைக் கொடுக்கவில்லை. ஒரு பெண் எழுந்து தனக்குக் காலில் வெட்டியதைச் சொன்னார், இன்னொரு பெண் ஒப்பந்தக்காரரைத் திட்டினார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சென்னை மாடி அறையில் நான் கேட்ட அதே பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அடுத்த மாசத்துல இருந்து ரெண்டு தெருவும் சேந்து பழையபடி நடத்துவமா?" என்று கேட்டேன்.

"நடத்தலாம் அண்ணாச்சி. ஆனா துணி வேண்டாம். சுவத்துல போடுவோம். சுவருன்னா எல்லாரும் ஒரே பக்கந்தான் உக்காரணும்."

"எந்தச் சுவத்துல?"

"ஒங்க வீட்டுப் பக்கச் சுவரு நல்ல அகலமா, வெள்ளையா இருக்கே. முன்னால ஒங்க காலி மனையும் கெடக்கு. கரண்டெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

டீ சூடாக இருந்தது. ஊதிக்கொண்டே இருந்தேன்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. காலிக் கப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்து போனார். சுவர் என்னுடையது. மனை என்னுடையது. கேட்க வேண்டிய ஆளும் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் வந்து போய்விட்டது. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அவர் கடைக்கு வருகிறார். அண்ணாச்சி என்கிறார், வேலையை முடித்துவிட்டுப் போகிறார். அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. இரண்டு பொங்கலுக்கும் அந்தச் சுவருக்கு மறக்காமல் வெள்ளையடித்திருக்கிறேன்.